ஹைப்பர் அணுக்கரு: சராசரிப் புலம் போதுமா, விசையிலிருந்தே தொடங்க வேண்டுமா?

வெண்முகில்:
லாம்டா துகள் ஒன்று சேர்ந்த அணுக்கருவை, அதாவது ஹைப்பர் அணுக்கருவை, விளக்கச் சராசரிப் புல முறையே போதும் என்பது என் கருத்து. மற்றத் துகள்கள் எல்லாம் சேர்ந்து லாம்டாவை இழுப்பதை ஒரே ஆற்றல் குழியாக வைத்துக் கணக்கிடுவதுதான் அது. லாம்டா புரோட்டானும் அல்ல, நியூட்ரானும் அல்ல. அதனால் ஒரே வகைத் துகள்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பவுலி விதி அதைத் தடுப்பதில்லை. ஈயம் போன்ற பெரிய கருவிலும் நேராக அடிமட்டத்துக்கே போய் உட்காரும். ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் இட்ரியம்-89 வைத்து எடுத்த நிறமாலையில் எஸ், பி, டி, எஃப் எனப்படும் ஆற்றல் மட்டங்கள் தனித்தனிச் சிகரங்களாகத் தெரிந்தன. 28 முதல் 30 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆழமுள்ள ஒரே குழியை வைத்துக்கொண்டால் கார்பன் முதல் ஈயம் வரை கணக்கு ஒத்துவருகிறது. சாதாரண அணுக்கருவிலேயே இவ்வளவு தெளிவான படம் கிடைக்காது.

நுண்துளி:
ஒத்துவருவதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 28 எங்கிருந்து வந்தது? சோதனையில் அளந்ததை எடுத்து நீங்களே உள்ளே வைத்தது. லாம்டாவுக்கும் நியூக்ளியானுக்கும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இடையிலான விசையிலிருந்து தொடங்கிப் பாருங்கள், சிக்கல் ஹீலியத்திலேயே வந்துவிடும். மூன்று, நான்கு துகள் கொண்ட கருக்களுக்குப் பொருந்தும்படி இருதுகள் விசையை அமைத்துவிட்டு லாம்டாவோடு ஐந்து துகள் கொண்ட ஹீலியத்துக்குப் போனால், லாம்டாவின் பிணைப்பு ஆற்றல் அளவுக்கு மீறி வருகிறது. அளந்த மதிப்பு 3.12 மெகா எலக்ட்ரான்வோல்ட்தான். 1970களிலிருந்தே இது தெரிந்த விஷயம்.

காரணமும் சுவையானது. லாம்டாவுக்கும் அதன் உறவுத் துகளான சிக்மாவுக்கும் நிறை வித்தியாசம் 80 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவு. கருவுக்குள் லாம்டா சற்று நேரம் சிக்மாவாக மாறி, இன்னொரு நியூக்ளியானைத் தொட்டுவிட்டு மறுபடியும் லாம்டா ஆகிவிடும். அதாவது மூன்று துகள்கள் சேர்ந்தால்தான் தோன்றும் விசை. உங்கள் குழிக்குள் இதெல்லாம் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகிறது.

மழைக்கோடு:
இருவருமே தரவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நியூக்ளியான்கள் ஒன்றோடொன்று சிதறுவதற்கு ஆயிரக்கணக்கான அளவீடுகள் உண்டு. குறைந்த ஆற்றலில் ஹைப்பரான் (லாம்டா, சிக்மா போன்ற துகள்) நியூக்ளியானோடு சிதறுவதற்கு, வழக்கமாகப் பொருத்திப் பார்க்கும் புள்ளிகள் நாற்பதைத் தொடாது. லாம்டா சராசரியாக 2.6×10⁻¹⁰ நொடிதான் வாழ்கிறது, கற்றையாக்கி ஏவுவது எளிதல்ல. ஆகவே நுண்துளி சொல்லும் "அடிப்படை" விசையிலும் மாறிலிகளைக் கருவின் பிணைப்பை வைத்துத்தான் சரிசெய்கிறோம்.

எந்த மதிப்பை வைத்து என்பதுதான் கேள்வி. புரோட்டான், நியூட்ரான், லாம்டா மூன்றும் சேர்ந்த ஹைப்பர்ட்ரைட்டானில் லாம்டாவின் பிணைப்பு, துகளின் தடம் பதியும் பழைய குழம்புத்தகடுகளில் 0.13 மெகா எலக்ட்ரான்வோல்ட். 2020இல் ஸ்டார் என்ற சோதனைக் குழு 0.41 என்றது. பிறகு ஆலிஸ் என்ற இன்னொரு குழு 0.1 அருகே சொன்னது. நான் கணக்குப் போட்ட நாட்களில் இந்த ஓர் எண்ணை மாற்றினாலே மற்ற எல்லாம் நகர்ந்துவிடும்.

வெண்முகில்:
நன்றி. நான் சொல்ல வந்ததும் அதுதான். அப்புறம், எளிய மாதிரிகள் முன்கூட்டியே சொன்னதும் உண்டு. லித்தியம்-6இல் லாம்டா நுழைந்தால் கரு சுருங்கும் என்று 1983இல் கணித்தார்கள். 2001இல் காமா கதிர் அளவீட்டில் ஏறக்குறைய 19 சதவீதச் சுருக்கம் தெரிந்தது.

நுண்துளி:
அது கொத்து மாதிரி, சராசரிப் புலம் அல்ல. ஆல்ஃபா, டியூட்ரான், லாம்டா என்று உள்ளமைப்பைப் பிரித்துப் பார்த்ததால்தான் அந்தக் கணிப்பு கிடைத்தது. அது என் பக்கத்துச் சான்று.

என் பெரிய கவலை நியூட்ரான் விண்மீன். 2010இல் கிட்டத்தட்ட இரண்டு சூரிய நிறை கொண்ட ஒன்றை அளந்துவிட்டார்கள். உள்ளே லாம்டா உருவானால் அழுத்தம் தளர்ந்து, அவ்வளவு எடையைத் தாங்க முடியாமல் போகிறது. சாதாரணக் கருவின் அடர்த்தியில் பொருத்திய குழி, இரண்டு மூன்று மடங்கு அடர்த்தியில் என்ன ஆகும் என்று எப்படிச் சொல்லும்?

மழைக்கோடு:
உங்கள் முறையும் அங்கே உறுதியாகப் பேசவில்லை. விசையிலிருந்து தொடங்கி 2015இல் வந்த மான்டி கார்லோ (தற்செயல் எண்களைக் கொண்ட கணினி முறை) கணக்கில் மூன்றுதுகள் விலக்கத்தின் வலிமையை மாற்றியதும் நியூட்ரான் விண்மீனின் உச்ச நிறை 1.36 சூரிய நிறையிலிருந்து இரண்டுக்கு மேல் தாவியது.

வெண்முகில்:
சரி, அடர்த்தியைச் சார்ந்த விலக்கம் தேவை என்பதை ஏற்கிறேன். குழியின் ஆழத்தை இருதுகள் ஈர்ப்பு சுமார் 40, மூன்றுதுகள் விலக்கம் பத்துக்கு மேல் என்று பிரித்த ஆய்வைப் படித்திருக்கிறேன். கழித்தால் பழைய 28 அருகில்தான் நிற்கிறது. ஆனால் விசையிலிருந்து தொடங்கி ஈயத்துக்கு முழுக் கணக்கும் போடுவது இன்றும் மிகக் கடினம். அதுவரை இந்த முறையை எப்படிக் கைவிடுவது?

நுண்துளி:
கைவிடச் சொல்லவில்லை. கால்சியம்-40, 48 இலக்குகளில் எலக்ட்ரான் கற்றையை மோதி, லாம்டா கொண்ட பொட்டாசியம்-40, 48 உருவாக்க அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே எட்டு நியூட்ரான் வித்தியாசம். மூன்றுதுகள் விசை நியூட்ரான் மிகுதியைச் சார்ந்ததா என்பது அங்கே தெரியும். அளவீடு வருமுன் உங்கள் குழி தரும் வித்தியாசத்தை இங்கே எழுதுங்கள், நானும் என்னுடையதை எழுதுகிறேன்.

வெண்முகில்:
எழுதுகிறேன். இரண்டு வாரம் கொடுங்கள், மாறிலிகளை இப்போதே பூட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.