புதுப்பிப்பு: கரி ட்ராக்கில் இறங்கிய பிரேக் பெடல் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ரேஸ் ட்ராக்குக்குப் போய், என் இலகு எடை ஸ்போர்ட்ஸ் காரைச் சில சுற்று விரட்டினாலே பெடல் பஞ்சாக இறங்கும், ஆறினால் சரியாகும். மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றச் சொன்னார்கள் சிலர், தேவைப்படவில்லை. பலித்தது பொள்ளாச்சி அண்ணன் சொன்னதுதான்: பிரேக் ஆயில் பழசு, ஈரம் குடித்திருக்கும். டாட் (DOT) 4 என்ற பிரேக் ஆயில் ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும்; ஈரம் ஏறினால் 155-லேயே கொதிக்கலாம், கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகி பெடல் பஞ்சாகும். டாட் 5.1-க்கு அதே அளவுகள் 260, 180. 5.1-ஐ ஊற்றி நாலு வீலிலும் ஏர் எடுத்தோம் (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம்). இப்போது கடைசிச் சுற்று வரை பெடல் அசையவில்லை, அவ்வளவு சந்தோஷம்! எதிர்பாராதது, கூடவே போட்ட ட்ராக் பேட் (ரேஸ் ட்ராக்குக்கான பிரேக் பேட்) காலையில் சூடேறும்வரை ஊர் ரோட்டில் கீச்சிடுகிறது. டாட் 5 மட்டும் வாங்காதீர்கள். அது சிலிக்கோன் ஆயில், டாட் 4, 5.1 இரண்டோடும் கலக்கக் கூடாது.