மறு: 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' - எல்லை மீறலா, வேறா?

வணக்கம். கூடைப்பந்தில் பந்தோ ஆட்டக்காரரோ களத்துக்கு வெளியே இருப்பதைச் சொல்லும் 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியது:

> 'எல்லை மீறல்' போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். கூடைப்பந்தில் 'மீறல்' என்ற சொல்லை 'வயலேஷன்' என்ற பொதுப்பெயருக்கு வைத்துக்கொண்டாக வேண்டும். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), டபுள் டிரிபிள் (தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது) எல்லாம் அதில்தான் அடங்கும். அதை இங்கேயே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன செய்வது?

அதைவிடப் பெரிய சிக்கல், எல்லையைத் தாண்டவே வேண்டியதில்லை என்பது. பன்னாட்டு விதிகளில் களம் 28க்கு 15 மீட்டர், அதுவும் கோட்டின் உள்விளிம்பு வரைதான். 5 செ.மீ. அகலக் கோடு களத்தில் சேராது. பந்து வைத்திருப்பவரின் ஷூ நுனி கோட்டில் பட்டாலே விசில்தான். ஆனால் உள்ளிருந்து எம்பி, கோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தரத்தில் இருந்தபடியே பந்தை உள்ளே தட்டிவிட்டு பெஞ்சில் போய் விழுந்தாலும் ஆட்டம் தொடரும். காற்றில் இருக்கும்வரை, கடைசியாகத் தரையில் கால் பட்ட இடம்தான் அவர் இருக்கும் இடம். தாண்டியவர் தப்பிக்கிறார், தாண்டாதவர் மாட்டுகிறார். இதற்குப் பெயர் 'மீறல்' என்றால் பையன்கள் விதியையே தலைகீழாகப் படிப்பார்கள்.

'புறத்தொடுகை' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இலக்கணம் சரி, ஆனால் நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு கத்த முடியாது.

'களப்புறம்' என்று முதலில் யோசித்தேன். கிராமப்புறம் என்றால் கிராமப் பகுதியே அல்லவா? அந்தப் பழக்கத்தில் களமே என்று படித்துவிடுவார்கள். புறநகர் மாதிரி முன்னால் போட்டு 'புறக்களம்' என்றால் குழப்பமில்லை. "பந்து புறக்களம்!", "அவர் புறக்களத்தில் நின்று பிடித்தார்." இருக்கும் நிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கைப்பந்தில் (வாலிபால்) கோட்டில் விழுந்த பந்து உள்ளே. அங்கும் இந்தச் சொல் ஓடும். கோடு எந்தப் பக்கம் என்பதை அந்தந்த ஆட்டத்தின் விதி சொல்லட்டும். கபடியிலும் பாருங்கள்: ரெய்டர் யாரையாவது தொடும்வரை லாபி (பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டை) புறக்களம், தொட்டபின் களம். (லாபியைத் தமிழாக்க வேண்டாம், கபடிக்காரர்கள் அடிக்க வருவார்கள்.)

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், கூடைப்பந்தில் பந்து புறக்களம் போனபின் வெளியே நின்று 5 நொடிக்குள் உள்ளே போடுவதற்கு 'உள்வீச்சு' சரிதானா? குனிந்து தரையில் குத்திக் கொடுப்பதும் அதில் சேருமே, அதைத் தமிழில் வீச்சு என்போமா?