அரிசோனாவிலிருந்து சியாட்டில் பக்கம் குடி மாறுகிறவர்களுக்கு

ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லர், கில்பர்ட் பக்கமிருந்து சியாட்டிலுக்கு வேலை மாறி வருகிற நம்மவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குழந்தைக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது, பனி எவ்வளவு விழும், பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியுமா என்றெல்லாம். நான் அரிசோனாவில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே பாத்தல் பக்கம் வந்தவன். குளிரைச் சமாளித்துவிடலாம். டிசம்பர் பகலில் 45, 47 டிகிரி பாரன்ஹீட் இருக்கும், அவ்வளவுதான். மினசோட்டா, சிகாகோ அளவுக்கு இல்லை. பனி வருடத்தில் சில நாள் விழும், அந்த நாட்களில் ஊரே வீட்டுக்குள் இருக்கும். நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை வேறு இரண்டு: வாடகை, இருட்டு.

முதலில் பணம். சியாட்டில் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். "வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது, நல்லா மிச்சம் பிடிக்கலாம்" என்று பலர் சொல்வார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவருக்கு அது பெரிய தொகை. நமக்கு அப்படி இல்லை. அரிசோனாவில் 2023 முதல் எல்லோருக்கும் ஒரே விகிதம், 2.5%. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிறீர்கள், வருடச் சம்பளம் ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கிடைக்கிற கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக அரிசோனாவுக்குக் கட்டுவது ஏறக்குறைய 3,000 டாலர். அதுதான் மிச்சம். ஆனால் சான்ட்லரில் 1,800 டாலர் சுமாருக்குக் கிடைக்கிற இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட், சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்டிலோ பெல்வியூவிலோ 3,000 டாலரைத் தொடும். மாதம் 1,200 அதிகம் என்றால் வருடத்துக்கு 14,400. வரியில் மிச்சமான பணம் மூன்று மாத வாடகை வித்தியாசத்துக்குக்கூட வராது.

அதோடு முடியவில்லை. சியாட்டிலில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல் (கடையில் வாங்குகிற அரிசி பருப்புக்கு இல்லை, அது ஒரு ஆறுதல்). பெட்ரோல் விலை நாட்டிலேயே அதிகமான மாநிலங்களில் இது ஒன்று. அரிசோனாவில் டோல் என்ற ஒன்றையே பார்த்திருக்க மாட்டோம். இங்கே ஏரியைக் கடக்கிற 520 பாலத்தில் பீக் நேரத்தில் ஒரு தடவைக்கு நாலு டாலருக்கு மேல் போகிறது. கைக்குழந்தையை டேகேரில் விட மாதம் 2,500 டாலரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் பதிவுக் கட்டணத்தில் ரயில் திட்டத்துக்கான வரி தனியாக ஏறும்: கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் கவுண்டிகளின் நகர்ப்புறங்களில் காரின் மதிப்பில் 1.1%. புது கார் வைத்திருப்பவருக்கு இந்த பில் வந்ததும் தூக்கிவாரிப் போடும்.

அதனால் என் கருத்து இதுதான்: வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்றால், சம்பளம் கால் பங்காவது ஏறாமல் இந்த மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆஃபர் பேசும்போதே ரீலொகேஷன் தொகையையும், அதாவது குடிமாறும் செலவையும் பேசுங்கள். கம்பெனி கொடுக்கிற அந்தப் பணம் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். அந்த வரியையும் சேர்த்துக் கொடுப்பார்களா, அதாவது கிராஸ்-அப் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாஷிங்டனில் 2022 முதல் நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு 7 சதவீதத்தில் தொடங்கும் வரி உண்டு. ஆனால் வருட லாபம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் (2025-இல் 2 லட்சத்து 78 ஆயிரம் டாலர்). பெரும்பாலானவர்களை அது தொடாது.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதைத் தவற விடவே கூடாது. ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து சியாட்டில் பகுதிக்குப் போவது வேறு பெருநகர வட்டாரத்துக்குப் போவது. அதே கம்பெனியாக இருந்தாலும், மேனேஜர் வாய் வார்த்தையாகச் சரி என்று சொன்னாலும், நீங்கள் புது இடத்தில் வேலை தொடங்கும் முன் விசாவுக்கான அமெண்ட்மென்ட் (திருத்த) மனு தாக்கலாகியிருக்க வேண்டும். 2015-இல் குடியேற்றத் துறை தந்த சிமியோ தீர்ப்புக்குப் பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிரீன் கார்டுக்கான முதல் கட்டமான பெர்ம் பாதி வழியில் இருந்தால் அது வேலை இடத்தோடு கட்டுண்டது, புதிதாகத் தொடங்க வேண்டி வரலாம். அடுத்த கட்டமான ஐ-140 ஏற்கெனவே கிடைத்திருந்தால், வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பிரயாரிட்டி டேட் கையில் நிற்கும். வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், மனைவி குழந்தைகளுக்கும் சேர்த்து.

இனி இருட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர் இதைச் சமாளித்துவிடுகிறார், வீட்டில் இருப்பவர்தான் தவித்துப் போகிறார்.

சியாட்டிலில் டிசம்பர் மூன்றாவது வாரம் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணி ஆகிவிடும். மாலை 4:20-க்கு மறைந்துவிடும். மொத்தப் பகலே எட்டரை மணி நேரம்தான். ஃபீனிக்ஸில் அதே நாளில் பத்து மணி நேரம் வெயில் அடிக்கும். இங்கே இருக்கிற அந்த எட்டரை மணி நேரத்திலும் வானம் சாம்பல் நிறத்தில் மூடியே கிடக்கும். மழை அளவு என்று பார்த்தால் நம் சென்னையை விடக் குறைவு. சென்னையில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் சுமார், இங்கே ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இது அக்டோபர் கடைசியில் தூற ஆரம்பித்தால் ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும்.

அரிசோனாவில் வருடம் முழுக்கப் பளீரென்ற வெளிச்சத்தில் இருந்த உடம்புக்கு இது சாதாரண மாற்றம் இல்லை. நவம்பரில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். கணவர் காலை இருட்டில் ஆபீஸ் போய் இருட்டியபின் வருகிறார். எச்-4 என்ற சார்ந்தவர் விசாவில் இருக்கிற மனைவிக்கு லைசென்ஸ் இல்லை, கார் இல்லை, தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே ஈரமான மரங்கள். ஜனவரியில் அந்தப் பெண் சாப்பாடு தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் அழுதால், "புது ஊர், போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சக் குறைவால் வருகிற மனச்சோர்வு உண்மையான நோய், டாக்டரிடம் காட்ட வேண்டியது. வைட்டமின் டி அளவையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று வாங்கி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிப்பதை இங்கே பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் மேலான மருந்து, முடிந்தால் ஜூனில் வருவது. அப்போது இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், ஜூலை ஆகஸ்டில் மழை மிகவும் குறைவு. ஊர், கடை, பார்க், மனிதர்கள் எல்லாம் பழகிய பிறகு இருட்டு வரட்டும். பாத்தல் கோயில், சியாட்டில் தமிழ்ச் சங்கம், குழந்தைகளின் தமிழ் வகுப்பு என்று எதிலாவது கோடையிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் புதிதாக ஒருவரைத் தேடிப் போகத் தோன்றாது. குடையை நம்ப வேண்டாம். தலைமூடி வைத்த மழை ஜாக்கெட்டும் ஈரம் புகாத ஷூவும் போதும். குழந்தைகளைத் தூறலிலேயே விளையாட விடுங்கள், இங்கே எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் விளையாடுகின்றன.

இன்னொன்று, கிளம்பும் முன் அவசியம் செய்ய வேண்டியது: வீட்டில் லைசென்ஸ் இல்லாதவர் அரிசோனாவிலேயே எடுத்துவிடட்டும். சாண்ட்லரின் அகலமான, நேரான சாலைகளில் கற்றுக்கொள்வது சுலபம். அந்த லைசென்ஸைக் காட்டினால் வாஷிங்டனில் பரீட்சை இல்லாமலே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். குடியேறிய 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், கார் பதிவையும்தான். அரிசோனாவில் 90 நாளுக்கு மேல் வைத்திருந்து ஓட்டிய கார் என்றால் இங்கே அதற்கு யூஸ் டேக்ஸ் (வெளியில் வாங்கிய பொருளுக்கு விற்பனை வரிக்குப் பதிலாகப் போடும் வரி) கிடையாது. கிளம்பும் வாரத்தில் புது கார் வாங்காதீர்கள்.

பழைய காரைக் கொண்டுவருவதானால் முதலில் வைப்பரைப் பாருங்கள். பாலைவன வெயிலில் அந்த ரப்பர் வெந்து விறைத்துப் போயிருக்கும். ஃபீனிக்ஸில் வருடத்துக்கு நாலு மழைக்குத்தானே, தெரியாது. இங்கே முதல் மழையிலேயே கண்ணாடியில் கீறிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளாமல் பட்டை பட்டையாகப் பூசிவிட்டுப் போகும், அதுவும் எதிர் வண்டியின் விளக்கு அடிக்கிற இரவு நேரத்தில். புதிதாக மாற்றிவிடுங்கள். கூலன்ட்டில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் சரியான கலவைக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் உறைந்துவிடும். பேட்டரி, டயர் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏறக்குறைய 1,400, 1,500 மைல் பயணம். நெவாடா, ஐடஹோ வழியாக வந்தால் கிழக்கு ஆரிகனின் மலைகளும் ஐ-90இல் ஸ்னோக்வால்மி கணவாயும் குறுக்கே வரும். டிசம்பர், ஜனவரியில் அந்த வழியாக வாடகை டிரக்கை ஓட்டிக்கொண்டு வரவேண்டாம்.

வீடு பார்க்கும்போது ஃபீனிக்ஸ் பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அங்கே மேற்குப் பார்த்த ஜன்னலைக் கண்டால் ஓடுவோம். இங்கே தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் உள்ள வீடாகத் தேடுங்கள், மேல் மாடியாக இருந்தால் இன்னும் நல்லது. உயரமான ஊசியிலை மரங்களுக்கு அடியில் வடக்குப் பார்த்த தரைத்தளம் வாடகை குறைவாகக் கிடைக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் மதியம் சாப்பிட வேண்டியிருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். குளித்து முடித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பட்டுப்புடவைகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். சூடாக்குவது எது என்று கேளுங்கள்: பழைய கட்டிடங்களில் இருக்கிற பேஸ்போர்டு ஹீட்டர் (சுவரடியில் இருக்கிற மின் ஹீட்டர்) கரண்ட்டைக் குடிக்கும், ஹீட் பம்ப் இருந்தால் சிக்கனம், கோடையில் அதுவே ஏசியாகவும் ஓடும். ஏசி எதற்கு என்று நினைக்கக் கூடாது. 2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் 108 டிகிரி அடித்தது, அப்போது ஏறக்குறைய பாதி ஊரில் ஏசி இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்தால் ஜன்னலையும் திறக்க முடியாது.

முதல் குளிர்காலத்தைப் பார்க்காமல் வீடு வாங்காதீர்கள். சாண்ட்லரில் ஐந்து லட்சம் டாலர் சுமாருக்குப் பார்த்த வீட்டை நினைத்துக்கொண்டு பெல்வியூ பக்கம் போனால் பத்து லட்சத்தைத் தாண்டித்தான் பேச்சே தொடங்கும். வாடகையில் இருப்பவர்களுக்கு இப்போது ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2025இல் வந்த சட்டப்படி முதல் 12 மாதம் வாடகையை ஏற்றக் கூடாது, அதன்பின்னும் வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது, 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகாத கட்டிடங்களுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி விஷயத்தில் கவனம். சாண்ட்லரில் ஜூலையிலேயே பள்ளி திறந்துவிடும், இங்கே செப்டம்பரில். இங்கே ஜூன் பாதி தாண்டியும் வகுப்பு நடக்கும். தடுப்பூசிச் சான்றை மருத்துவரிடமிருந்து முறைப்படி வாங்கி வாருங்கள். நம் ஊர் அட்டையில் இருக்கிற ஊசிகளையும் அரிசோனா டாக்டரே பதிவேற்றிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம்.

சமையலறையில் மாறுவது மாவு. ஃபீனிக்ஸ் கோடையில் கராஜில் வைத்த இட்லி மாவு நாலைந்து மணி நேரத்தில் பொங்கி வழியும். இங்கே மேடையில் வைத்தால் மறுநாள் காலையிலும் அரைத்தபடியே இருக்கும். ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள், காலையில் உப்பியிருக்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், தெரியாமல் யாராவது மூட்டிவிடுவார்கள். கொல்லையில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் காரில் ஏற்றாதீர்கள். அது எலுமிச்சைக் குடும்பம், பூச்சி பரவும் என்று கட்டுப்பாடு உள்ள செடி, கலிஃபோர்னியா வழியாக வந்தால் எல்லைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். முருங்கையை அங்கே இருக்கிற நண்பர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இங்கே வெளியில் பிழைக்காது.

நவம்பரில் புயல் காற்று அடித்து மரம் சாய்ந்து மின்சாரம் போகும். 2024 நவம்பரில் பல லட்சம் வீடுகளுக்குப் போனது, சில இடங்களில் நாட்கணக்கில். டார்ச், போர்வை, சார்ஜ் செய்த பவர் பேங்க் இருக்கட்டும். குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஒருநாளும் மூட்டாதீர்கள். 2006 டிசம்பர் புயலுக்குப் பின் இந்தப் பகுதியில் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தவர்களில் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் இருந்தன.

கடைசியாக, ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைப்பது. அரிசோனாவில் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அவர்களுக்குச் சரியான காலம் என்று பழகியிருப்போம். இங்கே ஏப்ரல் கடைசியில் வரவழைத்து செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள். நடக்க வெளியே போக முடியாத மாதங்களில் அவர்களால் இருக்க முடியாது. போன் நேரமும் மாறும்: அரிசோனாவில் கடிகாரம் மாறாததால் இந்தியாவோடு எப்போதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை அது பதின்மூன்றரை, அதனால் காலை ஏழு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே எட்டரை ஆகி இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.