35,000 ரூபாய்க்குள் உழைக்கிற சோபா: காரைக்குடிப் பக்கம் எதை எடுக்கலாம்?

கோட்டையூர் மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூரில், பாகம் பிரித்த பழைய வீட்டில் எங்கள் பங்கில் குடியிருக்கிறோம். வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய அறைதான் எங்களுக்கு ஹால். 11க்கு 14 அடி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சீட்டு எடுத்த பணத்தில் 35,000 ரூபாயைச் சோபாவுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், அதனால் பார்த்து வாங்குவது என் பொறுப்பு. குறைந்தது பத்து வருடம் உழைக்க வேண்டும். மற்ற எதையும் விட்டுக்கொடுப்பேன், இதை மாட்டேன்.

மாமியாருக்கு மூட்டு வலி. தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். பையன்கள் இரண்டு பேரும் ஏறிக் குதிக்கிற வயது. விசேஷம் என்றால் பங்காளிகள் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

காரைக்குடியில் ஒரு ஷோரூமில் எல் ஷேப் சோபா 33,000 சொன்னார்கள். செயற்கைத் தோல் போர்த்தியது, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது. உள்ளே என்ன மரம் என்று கேட்டால் "நல்ல மரம்தான் மேடம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. ஒரு பட்டறையில் மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு, துணி போட்டு 38,000 கேட்கிறார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் தேக்கில் பிரம்பு பின்னிய சோபா, மூன்று பேர் உட்காரலாம், 24,000. மனசு அதில்தான் நிற்கிறது.

மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டில் இதே மாதிரி செயற்கைத் தோல் சோபா மூன்றாம் வருடமே உரிந்து, உட்கார்ந்து எழுந்தால் சேலையெல்லாம் செதில் செதிலாக ஒட்டுகிறது. அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன் எழுதியது:

சகோதரி, விலையைப் பார்க்கும் முன் வாசலை அளந்துவிடுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு வாசல் பெரிதாக இருந்தாலும் உள்கட்டு நிலைகள் குறுகல், கீழே படி வேறு தடுக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எல் ஷேப் சோபா உள்ளே போகாமல் இரண்டு நாள் முகப்பிலேயே கிடந்தது. கதவை அகலத் திறந்து வைத்து, நிலையின் உள்ளளவை எடுங்கள். சோபாவின் உயரம், ஆழம் இரண்டில் எது குறைவோ அது அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். கால் கழற்றி மாட்டுவதாக இருந்தால் நல்லது.

குஷன் கடை அண்ணன் எழுதியது:

தங்கச்சி, ரிப்பேருக்கு வரும் சோபாக்களைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். காரைக்குடிதான். ஒரு சோபா எந்த இடத்தில் முதலில் கெடும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

டிவிக்கு நேராக இருக்கும் இருக்கைதான் முதலில் குழியும். எல்லாரும் அதிலேயே உட்காருவார்கள், ஃபோம் செத்துப்போகும். அதனால் காசு முதலில் போக வேண்டியது இருக்கை ஃபோமுக்கு. டென்சிட்டி 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று அர்த்தம். கடையில் யார் என்ன சொன்னாலும் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். 2 அடிக்கு 2 அடி, 4 அங்குல கனம் உள்ள துண்டு 40 டென்சிட்டியில் ஒன்றரைக் கிலோ நிற்கும், 32 டென்சிட்டியில் 1.2 கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே வந்தால் முதுகுச் சாய்வுக்கு வைத்துக்கொள்ளலாம், உட்காரும் இடத்துக்கு ஆகாது. எடை காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமும் வருகிறது. கையால் அழுத்தி எடுத்தால் உடனே எழும்பாமல் மெதுவாக எழும்பும், அதைத் தொடாதீர்கள். அப்புறம், டென்சிட்டி வேறு, கடினம் வேறு. உங்கள் மாமியாருக்கு அமுங்காத கடின ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மெத்தென்று உள்ளே இழுக்கிற சோபாவிலிருந்து மூட்டு வலிக்காரர்களால் எழவே முடியாது. இருக்கையின் உயரம், ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகும் 17, 18 அங்குலம் நிற்க வேண்டும். ஷோரூம் சோபாக்கள் பல இதைவிடத் தாழ்வு.

அடுத்து உடைவது முன்சட்டம். பையன்கள் குதிப்பதும் அதன் மேல்தான். மூன்று பேர் சோபாவுக்கு ஆறடிச் சட்டம் ஓடும், நடுவில் ஒரு கால் கொடுக்காவிட்டால் அங்கேதான் விரிசல் விடும். துணிக்குள் மறைகிற சட்டத்துக்குத் தேக்கு விலை கொடுப்பது வீண். நன்றாகக் காய்ந்த வேம்பு அல்லது சால் மரம் போதும். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். தரை துடைக்கும் ஈரம் ஏறினால் உப்பிவிடும், ஒருமுறை கழன்ற ஸ்க்ரூ திரும்பப் பிடிக்காது. சோபாவைக் கவிழ்க்கச் சொல்லி, அடியில் இருக்கும் கருப்புத் துணியில் ஒரு ஓரத்துப் பின்களை மட்டும் எடுத்து உள்ளே பாருங்கள். மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டிருந்தால் வேலை தெரிந்த ஆள் செய்தது. வெறும் ஸ்டேப்ளர் பின்னில் நிற்கிறது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். நேர்மையாகச் செய்தவர் கவிழ்த்துக் காட்டத் தயங்க மாட்டார். இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங் என்றால் ஒரு ஆள் இடத்துக்கு நாலுக்குக் குறையக்கூடாது. எலாஸ்டிக் பெல்ட் என்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இழுத்து அடித்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் உரிந்தது, துணியின் மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு கொடுத்த ரகமாக இருக்கும். வியர்வை, தலையெண்ணெய், ஈரக்காற்று எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சை அரித்துவிடும். துடைத்தோ பாலிஷ் போட்டோ அதைக் காப்பாற்ற முடியாது. நம் ஊர் வெயிலுக்கு நெருக்கமாக நெய்த கனமான துணிதான் சரி. இருக்கை உறைகளுக்கு ஜிப் வைக்கச் சொல்லுங்கள். கழற்றித் துவைக்கலாம், என்றைக்காவது ஃபோம் குழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம்.

பட்டறையில் 38,000 சொன்னதை அடித்துப் பேசிக் குறைக்காதீர்கள். குறைத்தால் அந்தக் காசை ஃபோமில்தான் எடுப்பார்கள். ஒற்றை இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள், தரத்தைத் தொட வேண்டியதில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு ஜமுக்காளம் இருக்கிறதே.

கோட்டையூர் மருமகள் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. இன்றைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் உள்நிலை 31 அங்குலம்தான், எல் ஷேப்பின் ஆழம் 36, கால் கழற்றாமல் உயரம் 35. அதுவும் போக, கவிழ்த்துக் காட்ட ஷோரூமில் சம்மதிக்கவில்லை. அதோடு அதை விட்டுவிட்டேன். பட்டறையில் பாதி வேலையில் இருந்த ஒரு ஃபிரேமை அவர்களே காட்டினார்கள். வேம்பு. மூலைக் கட்டை இருந்தது, நடுக்கால் இல்லை. கேட்டதும் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

ஆனாலும் அந்தப் பிரம்பு சோபாவை விட மனசு வரவில்லை. அதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆத்தா, எங்கள் வீட்டில் மாமனார் காலத்துப் பிரம்பு சோபா இன்னும் இருக்கிறது. சித்திரை வெயிலில் அதைப் போலக் குளிர்ச்சி எதிலும் இல்லை, முதுகு வேர்க்காது. பிரம்பு தொய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம், மரம் தலைமுறைக்கும் நிற்கும். அடிப்பக்கத்தை எப்போதாவது ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் கொஞ்சம் தொய்வு தானே இறுகும்.

ஆனால் உன் பையன்கள் குதிக்கிற வயது என்கிறாய். பிரம்பு உட்காருவதற்குத் தாங்கும், குதிகாலால் மிதித்தால் அறுந்துவிடும். ஒரு இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் வரிசையாகப் போகும். இப்போது வாங்கினால் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருப்பாய். அவர்கள் வளரட்டும்.

பிறகு வாங்கும்போது பாலிஷ் பளபளக்கும் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதே. அடியில் பாலிஷ் படாத இடத்தில் மரத்தைப் பார். கைப்பிடியும் கால்களும் ஒரே மரம்தானா, உடைந்த காலுக்கு வேறு மரம் ஒட்டியிருக்கிறதா, பழைய பலகையைத் துண்டு போட்டுப் புதிதாகச் செய்ததா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பின்னியிருப்பது பிரம்பா பிளாஸ்டிக் வயரா என்பதையும் பார்.

எந்தச் சோபா எடுத்தாலும் இரும்புக் கால் மட்டும் வேண்டாம். தரை துடைக்கிற தண்ணீரில் துரு இறங்கி ஆத்தங்குடிக் கல்லில் கறை பிடிக்கும். அது சிமெண்டுக் கல், உறிஞ்சிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. மரக்கால் வைத்து, அடியில் கம்பளித் துண்டோ ரப்பரோ ஒட்டு. இழுத்து நகர்த்தாமல் இரண்டு பேர் தூக்கி வையுங்கள். பெருக்கக் கை போகிற உயரமும், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளியும் இருந்தால் கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தப்பாது.

கோட்டையூர் மருமகள் எழுதியது:

சரி ஆச்சி, முடிவு செய்துவிட்டேன். மூன்று பேர் சோபா ஒன்று, ஒற்றை ஒன்று, பட்டறையிலேயே. ஆழத்தை 30 அங்குலமாக வைக்கச் சொன்னேன், மாமியார் முதுகு சாய்வதற்கும் அது வசதி. இருக்கைக்கு 40 டென்சிட்டி கடின ரகம், நடுக்கால், கழற்றி மாட்டும் மரக்கால்கள், ஜிப் உறை. 34,000க்கு ஒத்துக்கொண்டார்கள். ஒற்றைச் சோபாவை மட்டும் ஒரு அங்குலம் உயர்த்திக் கேட்டிருக்கிறேன், அது மாமியாருக்கென்றே. நாளைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

குஷன் கடை அண்ணன் எழுதியது:

நல்ல முடிவு தங்கச்சி. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். இப்போது எழுதிய அளவுகளையும் ஃபோம் டென்சிட்டியையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். துணி அடிக்கும் முன் ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபோமை ஃபிரேம் மேல் வைத்து அவர் ஒருமுறை உட்கார்ந்து எழட்டும். உயரம் கூடவோ குறையவோ இருந்தால் அந்த நேரத்தில் கால்களை மாற்றுவது அரை மணி நேர வேலைதான்.