நடுவரின் குறிப்புத் தாளைப் போட்டியாளரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: விழாச் செயலாளர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து மக்கள் பல்லாண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் இசை, பேச்சு, நாடகப் போட்டி விழாவுக்கு நான் செயலாளராக இருக்கிறேன். எங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் ஓய்வுபெற்ற தாதியும் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறோம். தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த குடும்பங்களும் அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகளை அழைத்து வருகின்றன.

சென்ற ஆண்டு, திருமுறைப் பிரிவில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்காவதாக வந்தாள். பரிசளிப்பு முடிந்து நான் மின்விசிறிகளை அடைத்துக்கொண்டிருந்தபோது, பாட்டியின் கையைப் பிடித்தபடி வந்து, "ஐயா, நான் எந்த இடத்துல தப்பாப் பாடினேன்?" என்று கேட்டாள். என் கையில் 71 என்ற எண் மட்டுமே இருந்தது. நடுவரோ வீடு திரும்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

இவ்வாண்டு முதல் ஒவ்வொரு போட்டியாளருக்கும் நடுவர் எழுதிய குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்று குழுவில் சொன்னேன். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரில் அது பெற்றோரிடையே மனக்கசப்பை வளர்க்கும் என்று மூத்தவர்கள் தயங்குகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: இசையாசிரியை, ஈப்போ

கொடுக்கத்தான் வேண்டும் ஐயா. இத்தகைய போட்டி விழாக்களின் வரலாற்றைப் பார்த்தால், பரிசைக் காட்டிலும் நடுவரின் கருத்துக்கே மதிப்பு அதிகம் என்பது விளங்கும். வேல்ஸ் நாட்டின் ஐஸ்டெத்வோத் என்ற இசை, கவிதைப் போட்டி விழாவைக் கண்டு ஊக்கம்பெற்ற ஜான் ஸ்பென்சர் கர்வன், 1882இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓர் இசைப் போட்டி விழாவைத் தொடங்கினார். அடுத்து 1885இல் மேரி வேக்ஃபீல்டு என்ற பாடகி, வடக்கு இங்கிலாந்தின் கெண்டல் வட்டாரத்தில் கிராமத்துப் பாடகர் குழுக்களைப் போட்டியிடச் செய்தார். போட்டியிட்ட குழுக்களே பின்னர் ஒன்றுசேர்ந்து ஒரே மேடையில் பாடின. இப்படிப் பரவிய விழாக்கள் 1921இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டன. போட்டி முடிந்ததும் நடுவர் எழுந்து, ஒவ்வொருவர் பாடியதைப் பற்றியும் அவையறியப் பேசுவதும், எழுதிய தாளைக் கையில் கொடுப்பதும் அங்கே ஊறிப்போன வழக்கம். ஹாங்காங்கில் 1940இல் அமைந்த பள்ளி இசை, பேச்சுச் சங்கம் நடத்தும் விழாவிலும் போட்டியாளருக்குக் குறிப்புத் தாள் உண்டு.

அந்தச் சிறுமி பாடியது நட்டபாடைப் பண் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஓதுவார்கள் கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள். அந்த இராகத்தில் ரிஷபம் (ரி), தைவதம் (த) ஆகிய இரு சுரங்களும் இல்லை. காந்தாரத்திலிருந்து (க) நேராகச் சட்ஜத்துக்கு (ச) இறங்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் தம்மை அறியாமல் ரிஷபத்தைத் தொட்டுவிடுவார்கள். இதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வாள். 71 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவளால் என்ன செய்ய முடியும்?

மறுமொழி: முன்னாள் ஏற்பாட்டுக் குழு உறுப்பினர், கோலகங்சார்

மூத்தவர்களின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. நான் பணியாற்றிய விழா ஒன்றில் மதிப்பெண்ணையும் குறிப்பையும் ஒரே தாளில் கொடுத்தோம். இரண்டு தாய்மார்கள் தாள்களை அருகருகே வைத்து, "என் மகனுக்குக் குரல்வளம் நன்று என்று எழுதிவிட்டு, ஏன் இரண்டு மதிப்பெண் குறைத்தீர்கள்?" என்று நடுவரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். மறு ஆண்டு அவர் வரவில்லை; எத்தனை முறை அழைத்தும் வரவில்லை. நல்ல நடுவரை இழப்பது விழாவுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் குழுவில் இருந்தவர்களே அறிவார்கள். எனவே மதிப்பெண் குழுவிடமே இருக்கட்டும், குறிப்பு மட்டும் பிள்ளையிடம் போகட்டும். வெளியூர் நடுவரை அழைத்தால் பாதிச் சிக்கல் தீரும். பெட்ரோல் செலவை மட்டும் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: பேச்சுப் போட்டி நடுவர், தைப்பிங்

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு பிரிவில் நாற்பது பேர் பேசினால், ஒவ்வொருவருக்கும் குறிப்பெழுத இரண்டு நிமிடம் என்றாலும் எண்பது நிமிடம் கூடும். அந்த நேரத்தை முன்கூட்டியே நிரலில் ஒதுக்காவிட்டால், கடைசிப் பத்துப் பிள்ளைகளுக்கு "நன்று, இன்னும் முயல்க" என்பதுதான் கிடைக்கும். அப்படி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.

நடுவர் தாம் கேட்டதையே எழுத வேண்டும். அண்மையில் ஒரு மாணவனுக்கு நான் எழுதியது இது: "மழை என்ற சொல்லை மூன்று இடத்தில் 'மளை' என்றாய். ளகரத்துக்கு நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், தொடாது. கண்ணாடி முன் சொல்லிப் பார். உன் முடிவுரையின் வேகம் எனக்கு மிகவும் பிடித்தது." அவன் அந்தத் தாளைப் பேச்சுப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருப்பதாக அவனுடைய ஆசிரியை சொன்னபோது நான் நெகிழ்ந்துபோனேன்.

நாடகத்துக்கு மட்டும் தாள் போதாது. பன்னிரண்டு பேர் நடித்ததை அரைப் பக்கத்தில் அடக்க முயன்றால் கதாநாயகனைப் பற்றி மட்டுமே எழுத நேரும். திரையை இழுத்த பிள்ளைக்கும் ஒரு சொல் வேண்டாமா? திரை விழுந்ததும் குழுவினரை ஓரமாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள்.

கேட்டவர்: விழாச் செயலாளர், சுங்கை சிப்புட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவுக் கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டினேன். மதிப்பெண் இல்லாத குறிப்புத் தாள் என்றதும் மூத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதலில் திருமுறை, பேச்சு ஆகிய இரு பிரிவுகளில் தொடங்குகிறோம். நாடகக் குழுவினரோடு பேசுவதற்குப் பள்ளி நூலகத்தைக் கேட்டிருக்கிறோம். தாளை அச்சிடும் செலவை ஓய்வுபெற்ற தாதி அம்மா ஏற்றுக்கொண்டார்.

ஈப்போ ஆசிரியை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சிறுமி இவ்வாண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். தாங்கள் திருமுறைப் பிரிவுக்கு நடுவராக வர இயலுமா?