பூசணி பிரெட்டின் நடுப்பகுதி மட்டும் வேகாமல் களியாக நிற்பது ஏன்?

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ)

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எங்களை அழைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு பூசணி பிரெட் செய்து எடுத்துச் செல்ல விரும்புகிறேன். ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் சோடாவால் உப்பவைத்து, பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய்ப் பொடிகளைக் கலந்து, நீள்சதுர அச்சில் சுட்டெடுக்கும் இனிப்பு ரொட்டியைத்தான் சொல்கிறேன். சுவையும் மணமும் எனக்குத் திருப்தியாகவே வருகின்றன. ஆனால் மேற்புறம் நன்றாக வெடித்துச் செம்பழுப்பாக வந்த பிறகும், வெட்டிப் பார்த்தால் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு ஈரக்களியாக நிற்கிறது. ஆறும்போது நடுப்பகுதி பள்ளமாக இறங்கியும் விடுகிறது.

நான் பின்பற்றும் அளவு இது: மைதா ஒன்றே முக்கால் கப், பழுப்புச் சர்க்கரை ஒரு கப், எண்ணெய் அரை கப், முட்டை 2, பூசணி விழுது ஒரு கப், பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பூசணி விழுது 425 கிராம் டப்பாவாகக் கிடைக்கிறது. திறந்த டப்பாவில் மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் சேர்த்துவிடுகிறேன். எட்டரைக்கு நாலரை அங்குலக் கண்ணாடி அச்சில் ஊற்றி, 350 பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். சோடாவை இன்னும் கொஞ்சம் கூட்டினால் நடுப்பகுதி எழும்பி நிற்கும் என்று தோழி ஒருவர் சொல்கிறார். அது சரியா?

கூடவே மூன்று ஐயங்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார் முட்டை தொடமாட்டார். அவருக்கென்று தனியாக முட்டையில்லாமல் ஒன்று செய்ய முடியுமா? தனித்தனி மசாலாப் பொடிகளுக்குப் பதிலாக வீட்டில் அரைத்த கரம் மசாலாவைப் போடலாமா? முதல் நாள் இரவே மாவைக் கலந்து குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் சுடலாமா?

பதில் (டல்லாஸ், டெக்சஸ், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்)

வணக்கம் சகோதரி. சோடாவைத் தொடவே வேண்டாம். ஒரு கப் மைதாவுக்குக் கால் தேக்கரண்டி சோடா என்பது பொதுக் கணக்கு. ஒன்றே முக்கால் கப்புக்கு நீங்கள் போடும் ஒரு தேக்கரண்டியே தாராளம். இதற்கு மேல் கூட்டினால், மாவு இறுகிக் கட்டிப்படுவதற்கு முன்பே வாயுக் குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடும். அதனால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அமிலத்தோடு சேர்ந்து தீராத சோடா நாக்கில் சவர்க்காரம்போல் கரிக்கவும் செய்யும்.

உங்கள் சிக்கல் அந்த டப்பாவில் இருக்கிறது. ஒரு கப் விழுது என்பது ஏறக்குறைய 245 கிராம். டப்பா முழுவதையும் கொட்டும்போது 180 கிராம் கூடுதலாகப் போகிறது. பூசணி விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே மைதாவையோ முட்டையையோ கூட்டாமல் சுமார் 160 மில்லிலிட்டர் தண்ணீரை மட்டும் கலவையில் ஊற்றியதற்கு அது சமம். அத்தனை நீரும் சூடேறிய பிறகுதான் நடுப்பகுதியில் உள்ள மாவுச்சத்து வெந்து, முட்டையின் புரதம் இறுக முடியும். அதற்குள் ஓரங்களும் மேல்தோலும் வெந்து முடித்துவிடுகின்றன. அவற்றின் நிறத்தைப் பார்த்து நாமும் வெளியே எடுத்துவிடுகிறோம். மிச்ச விழுதைச் சிறு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த முறைக்கு ஆகும், இல்லையென்றால் சாம்பாரில் போகும், ஒன்றும் வீணாகாது. கடையில் வாங்கும் டப்பாவின் மேல் பூசணி என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதே அலமாரியில், அதே நிறச் சீட்டோடு, சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்த, 'பை' (pie) என்னும் இனிப்புப் பண்டத்துக்கான கலவையும் இருக்கும். அது இதற்கு உதவாது.

இரண்டாவது காரணம் கண்ணாடி அச்சு. கண்ணாடி மெதுவாகச் சூடேறி, சூடேறிய பின் அந்தச் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓரங்கள் நடுப்பகுதிக்கு வெகுமுன்பே சிவந்துவிடுகின்றன. கண்ணாடிதான் இருக்கிறது என்றால் சூட்டை 325 பாரன்ஹீட்டாகக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். வாங்குவதென்றால் வெளிர் நிற உலோகத்தில், ஒன்பதுக்கு ஐந்து அங்குல அச்சாக வாங்குங்கள். உங்களுடையது ஆறு கப் கொள்ளும், இது எட்டுக் கப் கொள்ளும்; பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, ஆனால் கலவையின் உயரம் குறைவதால் நடுப்பகுதிக்குச் சூடு சீக்கிரம் போய்ச் சேர்கிறது. எந்த அச்சானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

மைதாவை எடை போட்டு எடுங்கள். கப்பை மைதாப் பைக்குள் விட்டு அள்ளினால் 140 கிராமுக்கு மேலும் போகும். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் வரும். ஒன்றே முக்கால் கப் என்பதற்கு 210 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரப் பொருள்களையும் உலர்ந்த பொருள்களையும் சேர்த்த பிறகு வெள்ளை மாவு கண்ணில் படாத கணத்திலேயே கலக்குவதை நிறுத்திவிடுங்கள். இட்லி மாவைப்போல் அடித்துக் கலக்கினால் பசையம் உருவாகி, உள்ளே நீளநீளமான துளைகளும் ரப்பர்போன்ற இழுவையும் வரும். நீங்கள் சொல்லும் களிக்கோட்டில் இதற்கும் கொஞ்சம் பங்கிருக்கலாம்.

வெந்ததா என்று பார்க்கக் குச்சியை நம்புவதைவிட ஒரு சமையல் வெப்பமானியை நம்புங்கள். குச்சி வெடிப்பின் வழியாகப் போனால் ஈரம் ஒட்டாமலேயே வந்துவிடும். நடுப்பகுதி 200 முதல் 205 பாரன்ஹீட், அதாவது 93 முதல் 96 செல்சியஸ் காட்டினால் எடுக்கலாம். கடிகாரம் ஒரு மணி காட்டுகிறதா, எழுபது நிமிடம் காட்டுகிறதா என்பது பொருட்டே இல்லை. எடுத்த பின் அச்சிலேயே பத்து நிமிடம் வைத்து, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி, முற்றிலும் ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்கூடக் களியாகத்தான் தெரியும்.

முதல் நாளே கலந்து வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சோடா ஈரம் பட்ட உடனேயே விழுதிலும் பழுப்புச் சர்க்கரையிலும் உள்ள அமிலத்தோடு சேர்ந்து வாயுவை விட ஆரம்பிக்கும். காலைக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். இரட்டைச் செயலுள்ள பேக்கிங் பவுடர் சூட்டில் இரண்டாம் முறை வேலை செய்வதால் சற்றுத் தாங்கும். ஆனால் உங்கள் செய்முறையில் இருப்பது சோடா மட்டும். புதன்கிழமை மாலையே சுட்டு முடித்துவிடுங்கள். எண்ணெய் சேர்த்த பிரெட் மறுநாள்தான் மென்மையாகவும், மசாலா ஊறி மணமாகவும் இருக்கும். நன்றாகச் சுற்றி வெளியிலேயே வைக்கலாம், குளிர்பெட்டி வேண்டாம்.

பதில் (சான் ஹோசே, கலிபோர்னியா)

முட்டையில்லாமல் செய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரெட்டைத் தாங்கி நிறுத்துவது முட்டையின் புரதம். அதை எடுத்துவிட்டால் நடுப்பகுதி அமுங்கும் ஆபத்து கூடத்தான் செய்யும். ஈரத்தை மட்டும் ஈடுசெய்து கட்டுக்கோப்பை மறந்துவிடும் செய்முறைகள் இணையத்தில் நிறைய உண்டு. வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள், ஆப்பிள் சாஸ் ஊற்றுங்கள் என்று சொல்வதெல்லாம் ஏற்கெனவே தண்ணீர் மிகுந்த பூசணியோடு இன்னும் தண்ணீரைச் சேர்ப்பதுதான்.

ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் கலந்து, வழவழப்பாகக் கெட்டிப்படும்வரை பத்து நிமிடம் வைத்துச் சேர்ப்பது எனக்கு நம்பகமாக வந்திருக்கிறது. ஆளிவிதையின் லேசான வாடை மசாலாவுக்குள் மறைந்துவிடும். வெறும் வெண்ணிலா கேக்கில் அது தெரியும், இதில் தெரியாது. தயிர் சேர்ப்பதானால் ஒரு முட்டைக்குக் கால் கப் என்பது வழக்கம். தயிரின் புளிப்பு சோடாவுக்கு வேலை கொடுப்பதால் பிரெட் மென்மையாக வரும். ஆனால் தண்ணீர் விட்ட தயிராக இருந்தால் மெல்லிய துணியில் கட்டி வடித்தே சேர்க்க வேண்டும். இரண்டையும் பாதிப்பாதியாகப் பயன்படுத்துவதே என் வழக்கம்: ஒரு முட்டைக்கு ஆளிவிதை, இன்னொன்றுக்குத் தயிர்.

உங்கள் மாமியாருக்காக இதை நீள அச்சில் ஊற்றாமல் மஃபின் குழிகளில் ஊற்றிப் பாருங்கள். கலவை குறைந்த ஆழத்தில் நிற்பதால் 350 பாரன்ஹீட்டில் இருபது, இருபத்திரண்டு நிமிடங்களில் நடுவரை வெந்துவிடும். அமுங்க இடமே இருக்காது. முட்டை சேர்த்ததோடு கத்தி, தட்டு எதுவும் கலக்காமல் அவருக்கென்று தனியாக எடுத்து வைக்கவும் வசதி. பெரியவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

பதில் (ரொறன்ரோ, கனடா)

இங்கே தேங்க்ஸ்கிவிங் ஒக்டோபர் மாத இரண்டாவது திங்கட்கிழமை என்பதால் எங்கள் வீட்டில் இந்த வேலை முடிந்துவிட்டது. வாசனைப் பொருள்கள் பற்றி இதுவரை யாரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன்.

கரம் மசாலாவைப் போடாதீர்கள். அதில் சீரகமும் மல்லியும் இருக்கும். இனிப்பு ரொட்டியில் சீரகத்தின் வாடை எழுந்தால் வேறு எதைக் கொண்டும் அதை மறைக்க முடியாது. அமெரிக்கர்களுக்குப் பழக்கமான பூசணி மசாலா மிக எளியது. மெக்கோர்மிக் நிறுவனம் 1934ஆம் ஆண்டிலேயே அதைக் கலந்து டப்பாவில் விற்கத் தொடங்கிவிட்டது: கறுவா (பட்டை), சுக்கு, சாதிக்காய், ஓல்ஸ்பைஸ். இந்தக் கடைசிப் பொருள் பல மசாலாக்களின் கலவை அன்று. யமேக்கா தீவில் பெருமளவு விளையும் ஒரு மரத்தின் உலர்ந்த காய். மிளகைவிடச் சற்றுப் பருத்து, கராம்பும் கறுவாவும் சேர்ந்தாற்போல் மணக்கும். அது இல்லையென்றால் கராம்பு போதும். நீங்கள் சொன்ன அளவுக்குக் கறுவாத் தூள் இரண்டு தேக்கரண்டி, சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் கால் தேக்கரண்டி, கராம்புத் தூள் கால் தேக்கரண்டிக்கும் குறைவு. வீட்டில் புதிதாக அரைத்த கராம்பென்றால் ஒரு சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள். கூடினால் பல் வைத்தியரின் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது போல் இருக்கும்.

கறுவாவிலும் இரண்டு வகை உண்டு. வட அமெரிக்கக் கடைகளில் கறுவாத் தூள் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வரும் கசியா. தடித்த பட்டை, காரமும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். இந்தியக் கடைகளில் பிரியாணிக்கென்று கிடைக்கும் தடித்த பட்டையும் அதுவே. எங்கள் இலங்கைக் கறுவா காகிதம் போன்ற மெல்லிய சுருள்கள் பல ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. அதன் மணம் மென்மையானது. அது இந்தப் பாணில் (பிரெட்டில்) அமுங்கிப்போகும் என்று பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. கராம்பைக் குறைத்து, கறுவாவை இரண்டரைத் தேக்கரண்டியாகக் கூட்டினால் அது தனியாகவே தெரியும். ஆனால் அண்டை வீட்டார் சிறு வயதிலிருந்து சாப்பிட்டுப் பழகிய சுவை வேண்டுமென்றால், பெருமை பாராமல் கசியாவையே போடுங்கள்.

கேள்வி (சென்னை)

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே டப்பாப் பூசணி எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. கிறிஸ்துமஸுக்குச் செய்ய நினைக்கிறேன். நம் ஊர்ப் பரங்கிக்காயில் செய்தால் சரிவருமா?

பதில் (டல்லாஸ், டெக்சஸ்)

தாராளமாகச் செய்யலாம். அமெரிக்காவில் டப்பாவில் அடைக்கப்படுவது ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணி அன்று. லிபிஸ் நிறுவனம் இல்லினாய் மாநிலத்தின் மோர்ட்டன் ஊரிலுள்ள ஆலையில் அடைப்பது டிக்கின்சன் என்னும் வகை; வெளித்தோல் மங்கிய பழுப்பு நிறம், சதை கெட்டி. தாவரவியலில் அது பெரும்பாலான நம் பரங்கிக்காய்கள் சேர்ந்த அதே இனம். செதுக்கும் பூசணி வேறு இனம். நாரும் தண்ணீரும் மிகுந்தது, சமையலுக்குச் சுகப்படாது. ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்குக் குறையே இல்லை.

நன்றாக முற்றி, உள்ளே அடர்ந்த மஞ்சளாக இருக்கும் துண்டாக வாங்குங்கள். தண்ணீரில் வேகவைக்க வேண்டாம். தோலோடு பெரிய துண்டுகளாக்கி, 200 செல்சியஸ் ஓவனில் கத்தி எளிதாக இறங்கும்வரை சுட்டு, சதையை வழித்து மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, அரைத்த விழுதை அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிளறி நீரை வற்றவிடலாம். கரண்டியால் அள்ளிக் கவிழ்த்தால் சரிந்து ஓடாமல் மேடாக நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்தபின் 245 கிராம் எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்புச் சர்க்கரை இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடலாம். பாதி அதுவும் பாதி வெள்ளைச் சர்க்கரையும் என்றால் நிறமும் சரியாக இருக்கும்.

கேட்டவர் (கொலம்பஸ், ஒஹாயோ)

அனைவருக்கும் மிக்க நன்றி. உலோக அச்சும் வெப்பமானியும் இன்றே வாங்கிவிடுகிறேன். மாமியாருக்கு மஃபின் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு துணைக்கேள்வி: இரண்டையும் ஒரே நேரத்தில் ஓவனில் வைக்கலாமா?

பதில் (சான் ஹோசே, கலிபோர்னியா)

வைக்காதீர்கள். மஃபின் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதை எடுக்கக் கதவைத் திறக்கும்போது பிரெட்டின் நடுப்பகுதி இன்னும் நீர்மமாகவே இருக்கும், சூடு இறங்கினால் அது அப்படியே அமர்ந்துவிடக்கூடும். முட்டையில்லாததை முதலில் சுட்டு எடுத்துவிட்டு, அதன் பிறகு பிரெட்டுக்கான கலவையைக் கலக்கத் தொடங்குங்கள்.