காகிதக் கூழ்க் கிண்ணத்தில் பூச்சி வராமல் இருக்க என்ன சேர்க்கலாம்?

கேள்வி:
நவராத்திரிக்கு வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கப் பழைய செய்தித்தாளில் சிறு கிண்ணங்கள் செய்ய விரும்புகிறேன். சென்ற ஆண்டு மைதாப் பசையில் செய்தவற்றைப் பூச்சி அரித்துவிட்டது. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
வெந்தயத்தைப் பயன்படுத்துங்கள். கிழித்த காகிதத்தை இரண்டு நாள் ஊறவைத்துப் பிழிந்து, இரவு முழுதும் ஊறிய வெந்தயத்தோடு கிரைண்டரில் அரைத்தால், விரலில் வழவழவென்று ஒட்டும் கூழ் கிடைக்கும். அதைக் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின்மேல் ஈரத்துணி விரித்து, அடை கனத்துக்குத் தட்டுங்கள். எங்கள் பாட்டி இப்படிச் செய்த கூடை இன்றும் பழுதில்லாமல் இருக்கிறது.

மறுமொழி 2:
முதல் நாள் நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் விளிம்பு வெடித்துவிடும். அச்சு மை இருப்பதால் தின்பண்டம் வைக்காமல், குங்குமச் சிமிழும் வளையலும் வைத்துக் கொடுப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றே காகிதத்தை ஊறவைக்கிறேன்.